கடலூரைக் கையால் சொல்வது எப்படி

எங்கள் வீட்டில் என்னைக் கூப்பிட்டால் அது காதில் விழாது, உள்ளங்காலில் விழும். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் அக்கா குதிகாலை ஓங்கி ஒரு மிதி மிதித்தால், அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் குப்புறப் படுத்திருக்கும் எனக்கு அது வயிற்றில் ‘தும்’மென்று வந்து சேரும். கூட்ஸ் வண்டி போகும்போதும் தரை அதிரும்தான், ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை, ஏனென்றால் கூட்ஸ் வண்டிக்கு என்மேல் கோபம் எதுவும் கிடையாது.

அக்காவின் பெயர் மங்கை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தெருவில் சிலர் ‘ஊமச்சி’ என்று சொல்வார்கள், அவர்களைப் பார்த்து அவள் கையால் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது. வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவள், லீவுக்கு வரும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் முறுக்கும் மிட்டாயும் கொண்டுவருவதுபோல விரல் நிறையச் சைகைகளைக் கொண்டுவந்து என்மீது கொட்டுவாள். எங்களுக்குள் சண்டை வந்தால் அம்மா, மற்ற வீட்டு அம்மாக்களைப்போல ‘வாயை மூடுங்க’ என்று கத்த மாட்டாள். “ரெண்டு பேரும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காருங்க, எனக்குத் தலைய வலிக்குது” என்பாள். சத்தமே இல்லாத சண்டையில் அம்மாவுக்கு எப்படித் தலை வலித்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்பா, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஆக, ஒரே வீட்டில் ஒருவர் ஊர்ப்பெயர்களைத் தொண்டையால் கத்திப் பிழைத்தார், இன்னொருத்தி அதே பெயர்களைக் காற்றில் கையால் வரைந்தாள், நடுவில் நான் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

சைகை மொழியில் ஆளுக்கும் தனிப்பெயர் உண்டு. என் பெயர், இரண்டு உள்ளங்கைகளையும் காதோரம் விரித்து முறம்போல ஆட்டுவது. காது கேட்காத பிள்ளைகள் கூடி எனக்குக் ‘காது’ என்று பெயர் வைத்தார்களே என்று நான் ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், எனக்குக் காது கேட்கிறது என்பதற்குத் தரும் மரியாதை என்று நினைத்து. அது கேட்பதற்காக வைத்ததில்லை, அளவுக்காக வைத்தது என்று அக்கா பிற்பாடு தெளிவுபடுத்தினாள்.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான், பார்த்த கண்ணில் பிறப்பவை. சிதம்பரம் என்றால் இடது உள்ளங்கையைத் தரையாக்கி, வலது கையின் இரண்டு விரல்களைக் கால்களாக அதன்மேல் நிறுத்தி, ஒரு விரலை மட்டும் தூக்கி மடக்க வேண்டும், நடராசர் வந்துவிடுவார். பண்ருட்டி என்றால் இல்லாத ஒரு பலாப்பழத்தை நெஞ்சோடு அணைத்து அதன் முள்ளை விரல்நுனியால் தட்ட வேண்டும். நெய்வேலிக்குக் கையை வளைத்து மண்ணைத் தோண்டித் தோண்டி எறிய வேண்டும், பாண்டிச்சேரிக்குத் தலையில் போலீஸ்காரரின் உயரத் தொப்பியை வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது கிள்ளை. துடுப்புப் போட்டுக்கொண்டே சட்டென்று தலையைக் குனிய வேண்டும், ஏனென்றால் அங்கே சுரபுன்னைக் காட்டுக்குள் படகு போகும்போது கிளை நெற்றியில் அடிக்கும்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரிந்த கொழுப்பில் கிள்ளைக்கு நானே ஒரு சைகை கண்டுபிடித்து, அக்காவின் கையைக் கிள்ளிக் காட்டினேன். அவள் திருப்பி அடித்துவிட்டு, “அந்த ஊர்ல யாரு யாரக் கிள்ளிக்கிட்டு இருக்காங்க, நீ பாத்தியா?” என்று கேட்டாள். (அவள் கையால் சொன்னதை எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுகிறேன், கைக்கு எழுத்து கிடையாது.) நான் பார்க்கவில்லை. சிதம்பரத்தின் கதை இன்னும் மோசம். விரலால் தூக்க வேண்டிய காலை நிஜமாகவே தூக்கினால் அழகாயிருக்குமே என்று அப்பாவின் பஸ்ஸில் நடுவழியில் நின்று ஒற்றைக்காலைத் தூக்கி அக்காவுக்குக் காட்டிய நேரத்தில், புதுச்சத்திரத்தில் டிரைவர் பிரேக் போட, நான் மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மாளின் மடியில் போய் அமர்ந்தேன். “கண்டக்டர் புள்ளைன்னா மடியிலயும் சீட்டு போடுவாங்களா?” என்று அந்த அம்மாள் கேட்டார். அன்றைக்குச் சிதம்பரம் வரைக்கும் என்மேல் சங்கரா மீன் வாசனை.

இந்தப் பெயர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஒரு ஊருக்குச் சைகை வைக்கும் உரிமை அந்த ஊரில் வாழும் காது கேளாதவர்களுக்கே, வெளியூர்க்காரர்கள் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கடலூர் ஆட்கள் வைத்திருந்த பெயர், முதுநகர்ப் பக்கம் இருக்கும் கலங்கரை விளக்கம். கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, மூடிய விரல்களை மலர்த்தி மலர்த்தி மூடிக்கொண்டே மணிக்கட்டைச் சுற்ற வேண்டும். அக்கா அதைச் செய்யும்போது அந்த வெளிச்சம் நிஜமாகவே என் மூஞ்சியைத் தடவிவிட்டுப் போவதுபோல இருக்கும்.

2004 டிசம்பரில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. எனக்குப் பத்து வயது. எங்கள் பகுதி உள்ளே தள்ளியிருந்ததால் வாசலுக்குத் தண்ணீர் வரவில்லை, ஜனங்கள்தான் வந்தார்கள், ஈரத்துணியோடு, கையில் எதுவும் இல்லாமல். அப்பாவின் பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு டிக்கெட் இல்லாமல் ஓடியது. அப்பா வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டிப்போய், எங்களிடம் கையாலேயே பேசினார். எங்கள் வீட்டுக்குள் வராத அந்த அலை, கொஞ்ச நாள் கழித்து எங்கள் ஊர்ப்பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

லீவு முடிந்து அக்கா விடுதிக்குத் திரும்பியபோது, கடலூர் என்பதற்கு அங்கே எல்லோரும் புதுச் சைகை வைத்திருந்தார்கள். கை பின்னாலிருந்து தலைக்கு மேலே எழும்பும், விரல்கள் பாம்புப் படம்போல வளையும், கன்னம் உப்பும், கண் பிதுங்கும், பிறகு எல்லாம் சேர்ந்து எதிரில் இருப்பவர்மேல் விழும். சைகை மொழியில் முகமும் பேச்சில் பாதி, முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால் அது வாய்க்குள் முணுமுணுப்பதுபோல. ஆகவே “உன் ஊர் எது?” என்று யார் கேட்டாலும் அக்கா ஒருமுறை மூழ்கிக் காட்ட வேண்டும், கேட்டவர் நெஞ்சில் கைவைத்து “ஐயோ பாவம்” என்பார், அதற்குப்பிறகு வேறு பேச்சு எதுவும் நகராது. விடுதிச் சாப்பாட்டு வரிசையில் இரக்கப்பட்டு அவள் தட்டில் ஒரு கரண்டி சாம்பார் அதிகமாக ஊற்றினார்களாம். நானாக இருந்தால் அந்தச் சாம்பாருக்காகவே ஊர்ப்பெயரை விற்றிருப்பேன். அக்கா தட்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்தவள்.

அவள் பிடிவாதமாகக் கலங்கரை விளக்கத்தையே சுழற்றிக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பவர்கள், “இது எந்த ஊர்?” என்பார்கள். அவள் மறுபடி சுழற்றுவாள். அவர்கள் மறுபடி முழிப்பார்கள். கடைசியில், அது எந்த ஊர் என்று புரியவைப்பதற்கு அவளே அந்த அலையை எழுப்ப வேண்டியிருக்கும். “ஓ, அதுவா! ஐயோ பாவம்!” லீவுக்கு வந்து இதை நடித்துக் காட்டும்போது அவள் எங்கள் வீட்டுத் தரையை மிதித்த மிதியில் அம்மாவின் எவர்சில்வர் தட்டுகள் அலமாரியில் பேசிக்கொண்டன. அப்பாவுக்கு ஆற்றாமை. “நானுந்தான் நாளெல்லாம் கடலூர், கடலூர்னு கத்துறேன், எவனாவது அழுவுறானா? ஏறி ஒக்காந்து சில்லறைக்குச் சண்டை போடுறான். அது மாதிரி இவளும் ஒரு பேர சாதாரணமா சொல்லிட்டுப் போவக் கூடாதா?”

அந்தச் ‘சாதாரணமா’தான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்துவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொள்ளவே ஆறு வருஷம் ஆயிற்று.

2010இல், அக்கா படிப்பை முடித்துக் கடலூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நாடு முழுக்க உள்ள ஊர்ச் சைகைகளைப் படம்பிடித்து அகராதியாக டி.வி.டி. போடப் போகிறார்கள், வடக்கேயிருந்து கேமராவோடு ஆட்கள் சிதம்பரத்துக்கு வருகிறார்கள், அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து தங்கள் பெயரைக் காட்டலாம். அக்கா ஒரு வாரம் கண்ணாடி முன்னால் கலங்கரை விளக்கத்தைச் சுழற்றிப் பழகினாள், புது சுடிதார் தைத்தாள், எனக்குச் சிதம்பரத்தில் பரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லி மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு போனாள். என் மொழிபெயர்ப்பின் தரம் பரோட்டாவின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். எத்தனையோ ஊர் ஆட்கள், எல்லாக் கையும் ஒரே நேரத்தில் பேச, மண்டபத்தில் துணி உதறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. குழுவோடு சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மேடம், காது கேட்பவர், கையாலும் வாயாலும் சேர்த்துச் சொன்னார். “ஒரு ஊருக்கு ஒரே சைகைதான் எடுப்போம். உங்க ஊர் ஆளுங்க எல்லாரும் ஒத்துக்கணும். ஒத்துப்போகலைன்னா வெளியூர்க்காரங்க எத ஜாஸ்தி போடுறாங்களோ, அதையே எடுத்துக்குவோம்.” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒத்துப்போகாவிட்டால் அலை.

பண்ருட்டிக்காரர்கள் பலாப்பழத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கண்மூடித் திறப்பதற்குள் கீழே இறங்கிவிட்டார்கள். சிதம்பரத்துக்காரர்கள், தூக்குவது எந்தக் கால் என்று கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டு, ஒருவரைக் கோயிலுக்கே அனுப்பிப் பார்த்துவரச் சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள். அடுத்து நாங்கள். அக்கா மேடையேறிக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தியதும், கடலூர் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, வேண்டாம் என்று கையை வீசினார். தேவனாம்பட்டினத்து மாசிலாமணி. முப்பது வயது இருக்கும், கடலுக்குப் போகிறவர், அவரும் பிறவியிலேயே காது கேளாதவர், யாரோடும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. கடலூருக்கு அலைதான் என்று அவர் காட்டினார். முகத்தோடு.

அக்கா பதில் சொல்லக் கையைத் தூக்கியபோது கரண்ட் போய்விட்டது.

ஜன்னல் இல்லாத மண்டபம். வாயால் சண்டை போடுகிறவர்களுக்கு இருட்டு ஒரு வசதி, கையால் போடுகிறவர்களுக்கு அது வாயில் துணியை அடைத்ததுபோல. இருட்டில் எல்லாரும் தடவித் தடவித் தெருவுக்கு வந்தார்கள், சண்டை நட்டநடுத் தெருவில் வெயிலில் தொடர்ந்தது. சைக்கிள்கள் நின்றன. டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்துவிட்டார்.

“என்னாப்பா தகராறு? போலீஸக் கூப்புடவா?”

“வேணாம் மாமா, ஊருக்குப் பேரு வைக்கிறாங்க.”

“எந்த ஊருக்கு?”

“கடலூருக்கு.”

“அதுக்குத்தான் பேரு இருக்கே! அப்ப எங்க ஊருக்கும் மாத்துறாங்களா?”

“உங்களுது முடிஞ்சிருச்சு மாமா, கால்ல மட்டும் கொஞ்சம் இழுபறி ஆச்சு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இந்தப் பக்கம் மாசிலாமணியின் கை வேகமெடுத்திருந்தது.

“லைட்ஹவுஸ் யாருக்கு? கடலுக்குப் போனவனுக்கு. நீ என்னிக்குப் போட்டுல ஏறுன? ஸ்டேஷன் பின்னால ஒக்காந்து கூட்ஸ் வண்டி பாக்குறவதானே.”

“கடலுக்குப் போறவனுக்கு அலையப் பத்தி இது மட்டுந்தான் தெரியுமா?” அக்காவும் விடவில்லை. “அது தெனம் இப்படியா வருது? அப்ப நீ எப்படித் தெனம் கரைக்கு வர்ற?”

“என் தம்பி வரல.”

அவர் கை அங்கேயே நின்றது. மற்றவர்கள் கைகளும் நின்றன. இரைச்சல் அடங்கினால் எனக்குத் தெரியும், அன்றைக்கு அசைவு அடங்கியதை முதல்முறை பார்த்தேன். அக்கா கையைச் சின்னதாக அசைத்துச் சொன்னாள். “எனக்குத் தெரியும். ஆனா நான் என் ஊர்ப் பேரச் சொல்லும்போதெல்லாம் அவனச் சாவடிக்கணுமா?”

மாசிலாமணிக்கு முகம் கறுத்துவிட்டது. மறுபடியும் அந்த அலையைத் தலைக்கு மேலே எழுப்பினார், முன்னைவிடப் பெரிதாக. அது விழுவதற்குள் அக்கா எட்டி அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள்.

பேசுகிறவரின் கையைப் பிடிப்பது என்பது சைகைக்காரர்கள் மத்தியில் வாயைப் பொத்துவதற்குச் சமம், அதைவிடவும் மோசம். கூட்டமே ஓரடி பின்வாங்கியது. இனி பரோட்டா கிடையாது, அடிதான் என்று நான் முடிவு செய்து, ஓடுவதற்கு வசதியாகச் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டேன். அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்காதீர்கள்.

மாசிலாமணி கையை உருவிக்கொள்ளவில்லை. இடுப்புக்கு இறங்கிய அந்தக் கை, இப்போது மட்டமாக, லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு இன்னொரு கையைக் குழித்து அதன்மேல் வைத்தார். அது மெல்ல ஏறி இறங்கியது.

“அப்புறமும் கடல்ல போட்ட எறக்குனேன்ல,” என்றார், வைத்த கையை எடுத்து. “பயந்துகிட்டேதான் எறக்குனேன். அலையக் காட்டு. அடங்குனதையும் காட்டு. போட்டையும் காட்டு.”

அக்கா உடனே சம்மதித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள், ஒரு வாரம் கண்ணாடி முன்னால் சுழற்றிய வெளிச்சம் அல்லவா. பிறகு அவளும் செய்து பார்த்தாள். கை எழும்பியது, இறங்கி இடுப்பருகே மட்டமாயிற்று, அதன்மேல் ஒரு படகு. எழும்பும்போது உப்பிய கன்னம், படகு வந்ததும் தானாகத் தளர்ந்தது. கடலூர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் செய்து பார்த்துத் தலையாட்டினார்கள். இதைச் சொன்னால் யாரும் “ஐயோ பாவம்” என்று நெஞ்சில் கைவைக்க முடியாது, அதற்குள் படகு மிதக்க ஆரம்பித்துவிடும். கரண்ட் வந்ததும் உள்ளே போய், அக்கா கேமரா முன்னால் நின்று அதைக் காட்டினாள். “சூப்பர், அசையாம நின்னீங்க” என்றார் மேடம். எனக்கு ஆறு பரோட்டா கிடைத்தது, மாசிலாமணிதான் வாங்கிக் கொடுத்தார், சிரிக்காமல்.

டி.வி.டி. வந்து சேர 2012 ஆகிவிட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் ‘தானே’ புயல் வந்து, காடாம்புலியூர்ப் பக்கம் பலா மரத்தையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிருந்தது. டி.டி.பி. சென்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம், அப்பா, அம்மா, நான், அக்கா, மாசிலாமணி. திரையில் பண்ருட்டி வந்தது, பலாப்பழம் முள் குறையாமல் அப்படியே இருந்தது. சாய்ந்த மரத்தை யாரும் அந்த ஊருக்குப் பெயராக வைக்கவில்லை. “பாத்தியா?” என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள், அடுத்து வரப்போகும் சந்தோஷத்தில்.

கடலூர் வந்தது. அக்கா நின்றாள், புது சுடிதாரில். கை பின்னாலிருந்து எழும்பியது, கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, அலை இறங்கியது, இறங்கி, திரையின் அடியில் ஒரு நீலப் பட்டையில் மூன்று மொழிகளில் கொட்டையெழுத்தில் எழுதியிருந்த ‘கடலூர்’ என்ற பெயருக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. அக்காவின் தோள்கள் மட்டும் லேசாக ஏறி இறங்கின. முடிந்தது, அடுத்த ஊர்.

“எங்கடா படகு?” என்றாள் அம்மா.

“கொஞ்சம் கீழ எறக்கிக் காட்டுடா” என்றார் அப்பா. நான் திரையில் அந்தப் படத்தை மவுஸால் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், கடைசியில் மானிட்டரைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தேன். பன்னிரண்டாவது படிக்கிற பையன் செய்கிற காரியம் இல்லைதான். எழுத்து நகரவில்லை. ஊர்ப்பெயரைக் கையால் சொல்லத் தெரிந்தவர்களுக்கான அகராதியில், ஊர்ப்பெயரை எழுதி ஊர்ப்பெயரை மறைத்திருந்தார்கள்.

மாசிலாமணி திரையைக் காட்டி, “கடல் முழுங்காத படக இந்த எழுத்து முழுங்கிடுச்சே” என்றார். அக்கா அந்த மேடத்துக்குச் செய்தி அனுப்பினாள். அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகப் பதில் வந்தது. அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள், திரும்பத் திரும்ப அதே பதில் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

இப்போது அந்தப் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. டிசம்பர் அலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எங்கெங்கேயோ உட்கார்ந்து அதைப் பார்த்துக் கடலூரைக் கற்றுக்கொள்கிறார்கள், சொல்லிக்கொடுப்பவள் என் அக்காவேதான் என்பதுதான் வயிற்றெரிச்சல். கலங்கரை விளக்கத்தைக் கையில் சுழற்றிய பழைய ஆட்களில் சிலர் இல்லை, சிலர் பிழைப்புக்கு வேறு ஊர் போய் அந்த ஊர்க் கையில் பேசுகிறார்கள். அந்த வெளிச்சத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. ஒருநாள் நான் ஆசையாகச் சுழற்றிக் காட்டியபோது, பல்பு மாட்டுகிறேன் என்று நினைத்து அக்கா மகன் நாற்காலி எடுத்து வந்தான்.

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை, பெண் இருவருமே காது கேளாதவர்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பெண் அக்காவை மறித்து, எந்த ஊர் என்று கேட்டாள். அக்கா அலையை எழுப்பி, அடக்கி, படகைக் கொண்டுவருவதற்குள் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு, “ஓ, இதுவா!” என்று கன்னம் உப்பத் தன் கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையை நெஞ்சில் வைத்தாள். அக்கா கோபப்படவில்லை. தூக்கிய அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, குழந்தைக்கு வளையல் போடுவதுபோல மெதுவாக இடுப்பு வரைக்கும் இறக்கி, மட்டமாக்கி, அதன்மேல் தன் கையைக் குழித்து வைத்தாள். அந்தப் பெண் தன் கைமேல் ஏறி இறங்கும் அதை முழித்துப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர்?” என்று கேட்டாள்.

அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளே இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது பந்திக்குக் காத்திருக்கத் தயாரானேன்.